காத்திருக்கிறதா, குடியேறுகிறதா? அஞ்சு பேருக்கு ஓர் இணைய உலகம்

சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எனக்கு அது கடையைப் பூட்டிவிட்டு வந்து தேத்தண்ணியோடு குந்துகிற நேரம். கொழும்பில் இருப்பவனுக்கும் அதே ஐந்தரைதான், ஆனால் அவன் அநேகமாக பஸ்ஸில் இருப்பான். லண்டனில் மதியம் பன்னிரண்டு. ரொறன்ரோவில் விடியக் காலை ஏழு. மெல்பேர்ணில் இரவு பதினொன்று. இது டிசம்பர், ஜனவரிக் கணக்கு. அவர்கள் மணிக்கூட்டை முன்னே பின்னே தள்ளும்போது ஒரு மணித்தியாலம் அங்கேயும் இங்கேயும் ஆடும். ஐந்து பேரும் ஒன்றாக முழித்திருக்க வாரத்தில் வேறு நேரம் கிடையாது.

ஐந்து பேரும் ஒரே வகுப்பு. வட்சப் குழுவில் கதைத்துக் கதைத்து இப்போது கதைக்க ஒன்றும் மிச்சமில்லை. பிறந்தநாளுக்கு கேக் படம், செத்தவீட்டுக்குக் கைகூப்பிய படம், அவ்வளவுதான். அதனால்தான் ரொறன்ரோக்காரன் கேட்டான்: "மச்சான், பழையபடி ஒரு கேமில சந்திப்பமே?" எல்லாருக்கும் விருப்பம். எந்த விளையாட்டு என்பதில்தான் மூன்று மாதமாக இழுபறி. வரப்போகிற ஒன்றுக்காகப் பொறுத்திருப்பதா, முடியாத ஒன்றை இப்போதே காசு கட்டி வாங்குவதா, பழைய ஒன்றில் போய்க் குடியேறுவதா என்று. இப்படி நாட்டுக்கு ஒருவராகச் சிதறின கூட்டங்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எங்கள் கணக்கை எழுதிவைக்கிறேன்.

என் மனம் கேட்டது காத்திருக்கத்தான். லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் என்கிற விளையாட்டின் உலகத்தை வைத்து, அதைச் செய்த ரயட் கேம்ஸே செய்கிற எம்எம்ஓ ஒன்று இருக்கிறது; எம்எம்ஓ என்றால் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே உலகத்துக்குள் ஒன்றாக விளையாடுகிற ஒன்லைன் விளையாட்டு. 2020 டிசம்பரில் ரயட்டின் கிரெக் ஸ்ட்ரீட் அதை அறிவித்தபோது நான் நித்திரை கொள்ளவில்லை. 2023 மார்ச்சில் அவரே ரயட்டை விட்டுப் போனார். 2024 மார்ச்சில் நிறுவனர்களில் ஒருவரான மார்க் மெரில் வந்து, திட்டத்தின் திசையை மாற்றித் திரும்பத் தொடங்கியிருக்கிறோம், இனிச் சில வருடங்களுக்குச் சத்தம் வராது என்று சொன்னார். எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றம். இன்னொரு பக்கம், அரைகுறையாகக் கட்டின வீட்டுக்குப் பால் காய்ச்சுவதைவிட அத்திவாரத்தைக் கிளறிப் போடுவது நல்லது என்றும் பட்டது.

அதன் மேல் எனக்கு இருக்கிற பெரிய நம்பிக்கை கதையோ சண்டையோ அல்ல, சேர்வர், அதாவது விளையாட்டு உண்மையில் ஓடுகிற தூரத்துக் கொம்பியூட்டர். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாடுகிறவனுக்குப் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோ இங்கிருந்து நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கு மேல். நான் ஒரு பொத்தானை அமுக்கி, அந்தச் செய்தி அங்கே போய் மறுமொழி திரும்பி வருவதற்கு, கேபிள் நேராக இருந்தாலும் 130 மில்லிசெக்கன் வேண்டும். கேபிள் எங்கே நேராக இருக்கிறது? அது கடலுக்கடியில் நாடுநாடாகச் சுற்றித்தான் போகிறது. என் வீட்டு ஃபைபரில் இரவு பத்து மணிக்கு நான் பார்த்த கணக்கு இது: சிங்கப்பூருக்கு 80 அளவில், ஐரோப்பாவுக்கு 180, அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு 260. எந்த நிறுவனத்து இணைப்பை எடுத்தாலும் தூரத்தை ஒருவரும் குறைத்துத் தரப்போவதில்லை. ரயட் தன்னுடைய வலரண்ட் என்கிற துப்பாக்கி விளையாட்டுக்கு மும்பையிலும் சிங்கப்பூரிலும் சேர்வர் வைத்திருக்கிறது. ஆகவே புது எம்எம்ஓவுக்கும் பக்கத்தில் ஓர் இடம் வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

ஆனால் அது எனக்கு நல்லது, எங்களுக்கு நல்லதா? மும்பையில் சேர்வர் வந்தால் நானும் கொழும்பும் ராசா. ரொறன்ரோக்காரன்தான் அப்போது வெள்ளைக்கொடி. ஐந்து பேரும் ஒரே சேர்வரில் இருந்தால்தான் சந்திக்கலாம் என்றால், யாரோ ஒருவர் தூரத்தில் இருந்துதான் ஆகவேண்டும். லண்டன்காரன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "கலியாணத்துக்கு மண்டபம் பாக்கிற மாதிரி இருக்கு."

பயங்களில் முதலாவது என் கொம்பியூட்டர். நாலாம் தலைமுறை ஐ5 என்கிற பழைய சில் போட்டது. விண்டோஸ் 11 அதிலே முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. ரயட்டின் கள்ள ஆட்டத் தடுப்பான் வான்காட் 2020இல் வலரண்டோடு வந்தது, 2024இல் லீக்கிலும் ஏறியது. விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பான தொடக்க வசதியும் கேட்கும். எம்எம்ஓவிலும் அதை ஏற்றுவார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் விளையாட்டு இலவசமாக வந்தாலும் எனக்கு அது ஒரு புதுக் கொம்பியூட்டரின் விலை. இரண்டாவது பயம் வயது. இப்போது முப்பத்தைந்து. "சில வருடம்" என்பது எத்தனை வருடம்? அது வரும்போது எங்கள் பிள்ளைகள் விளையாடுவார்கள், நாங்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்போம்.

காத்திருந்து ஏமாந்த கதை இந்தத் துறையில் புதிதும் இல்லை. பண்டாய் நாம்கோவின் புளூ புரோட்டகோல் என்கிற எம்எம்ஓ 2023 ஜூனில் ஜப்பானில் திறந்தது. வெளிநாட்டுப் பதிப்பை அமேசன் கொண்டுவருவதாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் காத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் ஜப்பானிலேயே மூடினார்கள். அந்த வெளிநாட்டுப் பதிப்பு வரவே இல்லை. வாசலில் செருப்போடு நின்றவனுக்கு உள்ளே பந்தி முடிந்த செய்தி வந்த மாதிரி.

சரி, இரண்டாவது வழி. முடியாத விளையாட்டை "ஏர்லி அக்சஸ்" என்று விற்கிறார்களே, அதை வாங்கி, வளர வளரக் கூடவே விளையாடுவது. ரொறன்ரோக்காரனுக்கு இதில் சரியான ஆசை. நாற்பது, ஐம்பது டொலர் அவனுக்கு ஒரு இரவுச் சாப்பாடு. எனக்கு அது 12,000, 15,000 ரூபாய். எனக்கு இந்த வழியில் ஒரு பழைய காயமும் உண்டு. பெயர் வேண்டாம், ஒரு விளையாட்டுக்கு முன்கூட்டியே "ஸ்தாபக உறுப்பினர்" பொதி வாங்கினேன். ஒரு குதிரை தந்தார்கள். நல்ல வடிவான கறுப்புக் குதிரை, பிடரி மயிர் காற்றில் ஆடும். குதிரை ஓட வேண்டிய உலகம்தான் கடைசிவரை முடியவில்லை. ஒரு வெறும் புல்வெளி, நடுவில் நீல நிறத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் இங்கே மரம் வரும் என்று எழுதியிருந்தது. பதினொரு மாதம் கழித்து அந்தப் புல்வெளியையும் மூடினார்கள்.

எங்கள் ஊரில் காணி வாங்குகிறவர் முதலில் கேட்பது "உறுதி எங்கே?" என்று, காணிப் பத்திரத்தைத்தான். உறுதியைப் பார்த்து, வேலிக் கதியாலை எண்ணிப் பார்த்து, பக்கத்து வளவுக்காரரோடு வழக்கு இருக்கிறதா என்று விசாரித்துத்தான் கைக்காசு கொடுப்பார். ஒன்லைன் விளையாட்டில் உறுதி என்று ஒன்று கிடையாது. நாங்கள் வாங்குவது வளவு அல்ல, உள்ளே நிற்கலாம் என்ற அனுமதி. யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31ஆம் திகதி 'த க்ரூ' என்கிற கார் விளையாட்டின் சேர்வரை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கினவர்களுக்கும் அது இல்லாமல் போனது. அந்தக் கோபத்தில் தொடங்கிய "விளையாட்டுகளைக் கொல்லாதே" இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்பதும் சரிவரவில்லை. அமேசனின் நியூ வேர்ல்ட் என்கிற எம்எம்ஓ 2021 செப்டெம்பரில் திறந்தபோது ஸ்டீம் என்கிற ஒன்லைன் விளையாட்டுக் கடையில் ஒரே நேரத்தில் 9 லட்சம் பேருக்கு மேல் நின்றார்கள். 2025 அக்டோபரில், இனிப் புதிதாக ஒன்றும் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். நாலு வருடம்.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஸ்டீமில் வாங்குங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம்; ஏர்லி அக்சஸுக்கும் அதே விதிதான். எம்எம்ஓ ஒன்றில் உங்கள் விளையாட்டு ஆளின் மூக்கை வடிவாக்கி முடிக்கவே இரண்டு மணித்தியாலம் போய்விடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஓடிப் பாருங்கள்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிற உலகம். இதில் நாங்கள் நாலைப் பார்த்தோம்.

ஃபைனல் ஃபன்டசி 14ஐ மெல்பேர்ண்காரன் கொண்டுவந்தான். அதன் வரலாறே ஒரு ஆறுதல். 2010 செப்டெம்பரில் வந்த முதல் பதிப்பு படுதோல்வி. நவோக்கி யோஷிடா என்கிற இயக்குநரிடம் கொடுத்து, 2012 நவம்பரில் பழைய உலகத்தை மூடி, 2013 ஓகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். புது எம்எம்ஓ எதையும் வந்த முதல் வாரத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஒரு வருடம் விடவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் சாட்சி. சண்டை நிதானமானது. அடிப்படை அடி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரைச் செக்கன், ஆகவே 180, 200 மில்லிசெக்கன் தாமதம் தொடக்கத்தில் உறைக்காது. எழுபதாம் நிலை வரை, இரண்டு பெரிய விரிவாக்கங்களோடு, நாள் கணக்கில்லாமல் இலவசம். கதை நல்லது, இசை அதைவிட நல்லது.

இடிக்கிற இடங்கள் இரண்டு. இலவசக் கணக்கில் இருப்பவர், கூட்டாளிகள் ஒன்றாகச் சேர்கிற சங்கத்தில் சேரமுடியாது. சேரவேண்டுமென்றால் மாதக் காசு, 13 டொலர் அளவில் தொடங்கும். மாதக் காசு என்றாலே எனக்கு 2022 நினைவு வரும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பதினைந்து டொலர் சந்தா 3,000 ரூபாயில் இருந்து 5,400 ஆனது, அதுவும் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலத்தில். இருட்டுக்குள் இருந்துகொண்டு வெளிச்சமான உலகத்துக்கு வாடகை கட்டினேன். கடைசியில் கார்டும் வேலைசெய்யாமல் போனது. அந்தப் பழக்கத்துக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. மற்றது, அந்த விளையாட்டுக்குள் வீடு வாங்கி 45 நாள் உள்ளே போகாமல் இருந்தால் வீட்டை இடித்துவிடுவார்கள். இடப் பற்றாக்குறைக்கு அது நியாயமான விதியாக இருக்கலாம். வீட்டைப் பூட்டித் திறப்பை அயல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன சனத்துக்கு அந்த விதி கேட்கவே பிடிக்காது. அதைக் கேட்டதும் லண்டன்காரன் வேறு கதைக்குப் போய்விட்டான்.

கில்ட் வோர்ஸ் 2 என்னுடைய தெரிவு. 2012 ஓகஸ்டில் வந்தது, மாதச் சந்தா இல்லை. உச்ச நிலை அன்றைக்கும் எண்பது, இன்றைக்கும் எண்பது. ஆறு மாதம் கழித்து வந்தாலும் உங்கள் வாள் மொட்டையாகிப்போயிருக்காது. கலியாணம், பிள்ளைப்பேறு, ஒப்பரேசன் என்று காணாமல்போகிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு நான் பார்க்கவில்லை. ஆனால் சேர்வர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான். அடி வரும்போது உருண்டு தப்பவேண்டும். உருளலில் அடி படாத நேரம் முக்கால் செக்கன். 180 மில்லிசெக்கனில் இங்கிருந்து அது ஏலும். மெல்பேர்ண்காரனுக்கு ஐரோப்பா 300 கிட்ட. அவன் உருண்டு முடிக்க முன்னமே செத்துவிடுகிறான். இரண்டு சனி பார்த்தோம், இரண்டாவது சனி அவன் பேசாமல் படுக்கப் போய்விட்டான்.

மூன்றாவதாகப் பார்த்த அல்பியன் ஒன்லைனைப் பற்றிச் சுருக்கமாக. ஆசிய சேர்வர் சிங்கப்பூரில், போனில் ஓடும், இலவசம். எனக்கும் கொழும்புக்கும் தொட்டதெல்லாம் உடனே நடக்கிறது. ஆனால் சிவப்பு, கறுப்பு என்கிற ஆபத்தான வலயங்களில் செத்தால் போட்டிருந்த அத்தனையும் பறிபோகும். உடுவில் ஒழுங்கைக்குள்ளே நகையோடு இரவில் சைக்கிள் ஓடுகிற உணர்வு அது. சிலருக்கு அந்தப் படபடப்புத்தான் விளையாட்டு. எங்களுக்குக் கதைக்க ஒரு திண்ணை வேண்டும்.

அப்போதுதான் கொழும்புக்காரன் சொன்னான், "டேய், ரூன்ஸ்கேப் இப்பவும் இருக்கு."

இதை விளக்க ஒரு நெட் கபேக்குள் போகவேண்டும். 2005, கஸ்தூரியார் வீதிப் பக்கம், மாடியில் ஆறு கொம்பியூட்டர். கீழே தையல் மெசின்களின் சத்தம். ட்யூசன் விட்டு வந்து ஐந்து பேரும் இரண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் நெருக்கியடித்து இருப்போம். ஒருவர் மவுஸைப் பிடிப்பார், மற்றவர் "மரத்தை வெட்டடா, மரத்தை வெட்டு" என்று கத்துவார். ரூன்ஸ்கேப்பை எதுவும் இறக்கத் தேவையில்லை, பிரவுசரிலேயே ஓடும். ஒரு ஓக் மரம் விழுவதற்குள் மணித்தியாலக் காசு பாதி முடிந்துவிடும். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி பூட்டுப்பட்டது. கபேயும் பூட்டுப்பட்டது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள்.

இப்போது இருக்கிற ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப், விளையாட்டை நடத்துகிறவர்கள் 2007 ஓகஸ்டில் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதியில் இருந்து 2013 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. அதாவது நாங்கள் விட்டுவிட்டுப் போன உலகம், கிட்டத்தட்ட அந்தக் கோலத்திலேயே. நாங்கள் அப்போது வளர்த்த விளையாட்டு ஆட்கள் அதில் இல்லை, புதிதாகத்தான் தொடங்கவேண்டும். பெரிய புது மாற்றங்களை விளையாடுகிறவர்களின் வாக்குக்கு விடுகிறார்கள். 70 சதவீதம் வேண்டும். 2018 ஒக்டோபரில் இருந்து போனிலும் அதே கணக்கோடு ஓடும், ஆகவே கொழும்புக்காரன் பஸ்ஸுக்குள் இருந்தே வரலாம். என் பழைய ஐ5 மூச்சுக்கூட வாங்கவில்லை.

தூரக் கணக்கைத் தீர்த்ததும் இதுதான். இந்த உலகம் 0.6 செக்கனுக்கு ஒருமுறைதான் துடிக்கிறது. நீங்கள் சொன்னது எல்லாம் அடுத்த துடிப்பில் நடக்கும். 80 மில்லிசெக்கனில் இருப்பவனுக்கும் 280இல் இருப்பவனுக்கும் பெரும்பாலும் ஒரே துடிப்பு. ஐந்து பேரும் இங்கிலாந்துச் சேர்வர் ஒன்றில் நின்றோம், ஒருவனும் பின்தங்கவில்லை. மண்டபப் பிரச்சினை முடிந்தது.

குறை இல்லையா? பார்க்க வடிவில்லை, முகம் கட்டை கட்டையாக இருக்கும். இலவசப் பகுதி சிறியது, மிச்சத்துக்குச் சந்தா. சாட்டில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கவேண்டும், "அடி வாங்கப் போறாய்" என்று ஐந்து பேரும் ஐந்து விதமாக அடிப்போம். டிஸ்கோர்ட் என்கிற செயலியில் குரலில் கதைத்துக்கொள்வதால் சமாளிக்கலாம். ஆனால் புதிதாகக் கட்டுகிற ஒருவர் முதல் நாளில் இருந்தே எங்கள் எழுத்தைச் சாட்டுக்குள் விட்டால், அந்த ஒன்றுக்காகவே நான் கொம்பியூட்டர் மாற்றுவேன். ரயட்டிடம் எனக்கு இருக்கிற மிச்ச ஆசை அது.

போன சனி பரிசோதனையாக விளையாட்டுக்குள் இறால் பிடித்தோம். லும்பிரிட்ஜ் என்கிற தொடக்க ஊருக்குத் தெற்கே சதுப்பில், வலை போட்டால் வரும். ரொறன்ரோக்காரன் கோப்பி குடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. மெல்பேர்ண்காரன் மகள் எழும்பிவிடுவாள் என்று குசுகுசுத்தான். நாற்பது நிமிடத்தில் யாரும் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எங்கள் கணக்கு வாத்தியாரைப் பற்றி, யாருடைய வளவில் இப்போது மாடி வீடு எழும்புகிறது என்று, லண்டன்காரனின் அம்மாவின் முழங்காலைப் பற்றி. சுடப்போட்ட இறால் எல்லாம் கருகிப்போனது, யாரும் பார்க்கவில்லை.

ஆகவே எங்கள் முடிவு: இப்போதைக்கு ஓல்ட் ஸ்கூல், முதல் மூன்று மாதம் இலவசப் பகுதியில். ரயட்டின் எம்எம்ஓ வந்தால், வந்து ஒரு வருடம் கழித்து, இந்தச் சேர்வர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். முடியாத விளையாட்டுக்கு ஐந்து பேரில் ஒருவரும் காசு கட்டுவதில்லை. குழுவில் எழுதி, ஐந்து பேரும் கட்டைவிரல் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை இரவு ரொறன்ரோக்காரன் ஒரு படம் அனுப்பினான். ஏர்லி அக்சஸ், நாற்பது டொலர், கட்டியாகிவிட்டது. கீழே "கோவிக்காதை மச்சான், ரெயிலர் பாத்தனான்" என்று எழுதியிருந்தான். இரண்டு மணித்தியாலம் தாண்ட முதல் திருப்பிக் கொடு என்று உடனே எழுதினேன். மறுமொழி வரவில்லை. விளையாடிக்கொண்டிருந்திருப்பான்.